ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது பெண்கள்



சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். எங்கள் லயத்திலும் அதையேதான் கேட்டார்கள். நம் பணத்தில் மூன்று வெள்ளிக்கு மேல் எண்ணி வைத்தால்தான் அங்கே ஒரு வெள்ளி. அந்தக் கணக்கில் நானும் அம்மாவும் தேக்காவில் ஒரு சேலையும் இரண்டு முழம் பூவும் வாங்கிக்கொண்டு, மற்றதை வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் உங்களுக்காக ஒரு தெருவின் கதையைக் கொண்டு வந்திருக்கிறேன். அதற்குச் சுங்க வரி கிடையாது. பிள்ளைகளைப் பெற்றவர்கள், அதிலும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், சற்று நேரம் ஒதுக்கிக் கேளுங்கள்.

நான் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்று பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அம்மாவுக்கும் எழுபது வயதாகிவிட்டது. சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்ட சின்னம்மாவின் மகளுக்குப் புதுவீடு புகுவிழா. பள்ளி விடுமுறையாகவும் இருந்ததால் இருவரும் கிளம்பினோம்.

கிளம்பும்போதே எனக்கு மனம் சரியில்லை. ஆறாம் ஆண்டு முடித்த என் மாணவி ஒருத்தி. படிப்பில் கெட்டிக்காரி, கணக்குப் போட்டால் நான் விடை சொல்வதற்குள் சொல்லிவிடுவாள். அவளைப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பப்போவதில்லை என்று அவள் தாயார் சொல்லிவிட்டார். தாயாருக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பி. "ஒரே ஒரு வருஷம் டீச்சர், அப்புறம் அனுப்பிடறேன்" என்றார். அந்த ஒரு வருஷம் எப்படிப்பட்டது என்று நாம் எல்லாரும் அறிவோம். என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜொகூர் பாருவில் பஸ் மாறினோம். கடற்பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அதிகாரி, பெருவிரல்களைக் கண்ணாடித் தட்டில் வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு முன்னால் நின்றவர் கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர். அவரும் பெருவிரலைத்தான் வைத்தார். அம்மா என் காதருகே வந்து, "என்னம்மா, இந்த ஊர்ல படிச்சவங்களும் கைநாட்டுத்தானா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து வெகுநேரம் தம் பெருவிரலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் அம்மா பள்ளிக்குப் போனது சில மாதங்கள்தான். சிலேட்டில் எழுத்துப் படியும் முன்னமே அடுத்தடுத்துத் தம்பி தங்கைகள் பிறந்தார்கள். பாட்டி விடியற்காலையில் பிரட்டுக்கு ஓட வேண்டும். மூத்த பெண் இடுப்பில் பிள்ளையோடு வீட்டில் நின்றுவிட்டாள். இன்று நாங்கள் விருந்துக்குப் போகும் சின்னம்மாவும் அந்த இடுப்பில் வளர்ந்தவர்தான். பின்னாளில் சம்பள நாளில் கிராணி நீட்டும் தாளில் அம்மா மையில் பெருவிரலைத் தோய்த்து வைப்பதைச் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன்.

பஸ் குவீன் ஸ்திரீட்டில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஷார்ட் ஸ்திரீட் நடக்கும் தூரம். சின்னம்மா வீட்டுக்குப் போகுமுன் அந்தத் தெருவைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். பெண்கள் கல்வியைப் பற்றிப் பள்ளியில் பேசுவதற்காக நூலகத்தில் தேடிப் படித்தபோது என் கண்ணில் பட்ட தெரு அது.

ஆங்கிலத்தில் 'ஷார்ட்' என்றால் குட்டை. பெயருக்குப் பொருத்தமான தெருதான். செலிகி ரோட்டுப் பக்கம், சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் நிற்க, சட்டென்று முடிந்துவிடுகிறது. அங்கே இன்றும் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஒரு மகிழ்ச்சி. படிக்கத் தெரியாவிட்டாலும் அது நம் எழுத்து என்று அவருக்குத் தெரியும். மரநிழலாகப் பார்த்து அவரை நிற்கவைத்து, நான் படித்திருந்த கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1885ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வில்லியம் ஓல்டாம் என்ற மெதடிஸ்ட் போதகர் இந்தியாவிலிருந்து கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். இவர் பிறந்தது நம்மவர்கள் நிறைய வாழும் பெங்களூரில், 1854ஆம் ஆண்டு. முதலில் நில அளவை வேலை பார்த்தவர். பிறகு அமெரிக்கா சென்று படித்துப் போதகரானவர். வந்த மறு ஆண்டே, 1886 மார்ச் முதல் நாள், அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பதின்மூன்று பையன்களை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் பெயர்பெற்ற ஆங்கிலோ சீனப் பள்ளி.

பையன்களுக்குப் பள்ளி வந்தது. பெண்களுக்கு? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யார் தெரியுமா? சிங்கப்பூரில் வாணிபம் செய்துகொண்டிருந்த தமிழர்கள் சிலர். எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று ஓல்டாமிடம் போய்க் கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் இனத்துத் தகப்பன்மார், தம் பெண்கள் படிக்க வேண்டுமென்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்னாலேயே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டாகிவிட்டது, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை ஆண் ஆசிரியரிடம் யார் அனுப்புவார்கள்? பெண் ஒருவர் வந்தாக வேண்டும். அவர் கப்பலேறி வருவதற்கும், வந்த இடத்தில் உண்பதற்கும் உடுப்பதற்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் திரட்டித் தர முன்வந்தவர்கள், அமெரிக்காவில் பனி உறையும் மின்னசோட்டா மாநிலத்து மாதர் சங்கத்தினர். மேரி நிண்ட் என்ற அம்மையார் அவர்களுக்குத் தலைவி. மூவாயிரம் டாலருக்குப் பொறுப்பேற்றார்கள். தாங்கள் பார்த்திராத ஊர், தாங்கள் பார்த்திராத பிள்ளைகள்!

வந்து சேர்ந்தவர் பெயர் சோபியா பிளாக்மோர். ஆஸ்திரேலியாவில் கோல்பர்ன் என்ற ஊரில் 1857ஆம் ஆண்டு பிறந்தவர். வசதியான குடும்பம். இந்தியாவில் சில மாதங்கள் பணி செய்துவிட்டு, 1887 ஜூலை 16ஆம் நாள் சிங்கப்பூரில் இறங்கினார். அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை. திருமணம் ஆகவில்லை, கடைசிவரை செய்துகொள்ளவும் இல்லை.

வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1887 ஆகஸ்ட் 15ஆம் நாள், இந்த ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி திறந்துவிட்டார். வந்து உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இந்தியப் பெண்பிள்ளைகள். பள்ளியின் பெயரே 'தமிழ்ப் பெண்கள் பள்ளி'.

"ஒன்பதே புள்ளைங்களா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம் அம்மா, ஒன்பதே பேர்."

"அதுல தம்பி தங்கச்சி உள்ளதும் இருந்திருக்குமே" என்றார்.

என் படிப்புக்கு எட்டாத கேள்வி அது. ஒன்பது என்ற எண்ணிக்கையை நான் படித்தேன். அந்த ஒன்பது வீட்டிலும் அன்று பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டது யார் என்று அம்மா நினைத்தார்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று சற்று எண்ணிப் பாருங்கள். கித்தா மரத்தை நம் நாட்டில் பரப்பிய ரிட்லி, சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்புக்கு வந்ததே 1888இல்தான். அதாவது, நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய தோட்டங்கள் உண்டாவதற்கு முன்பே ஒன்பது தமிழ்ப் பெண்கள் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது 1912இல். அதற்குள் இந்தப் பள்ளிக்கு இருபத்தைந்து வயது.

பிளாக்மோர் அம்மையார் அதோடு நிற்கவில்லை. சீனர் குடும்பங்களின் பக்கம் திரும்பினார். அங்கே நோன்யாப் பெண்கள் ஓரளவு வளர்ந்ததும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. திருமணம் ஆகும்வரை உள்ளேயே இருப்பார்கள். அந்த வீடுகளில் மலாய் பேசுவார்கள் என்பதால் அம்மையார் மலாய் கற்றுக்கொண்டார். வீடு வீடாக ஏறி இறங்கினார். பெண் படித்து என்ன, கிராணி வேலைக்கா போகப் போகிறாள் என்பதுதான் அன்று எங்கும் இருந்த பேச்சு. நம் காதுக்கும் பழக்கமான பேச்சுத்தான். கதவைத் திறக்காத வீட்டுக்கும் மறுபடி போனார். கடைசியில் 1888ஆம் ஆண்டு, குரோஸ் ஸ்திரீட்டில் ஒரு நோன்யா அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளி வளர்ந்து 'பேர்பீல்டு' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

படிக்க வசதியில்லாத பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தங்கும் விடுதி ஒன்றும் நடத்தினார். பணம் திரட்டித் தந்த அந்த அமெரிக்க அம்மையாரின் நினைவாக அதற்கு 'நிண்ட் இல்லம்' என்று பெயர். 1894ஆம் ஆண்டு, மலாய் பேசும் சீனக் கிறிஸ்தவர்களுக்காக அவர் தொடங்கிய சபைதான் இன்று கம்போங் காப்போர் மெதடிஸ்ட் தேவாலயம். சபையும் பள்ளியுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1928இல் ஊர் திரும்பும்போது அவருக்கு எழுபது வயது. என் அம்மாவின் இன்றைய வயது. 1945இல் ஆஸ்திரேலியாவில் காலமானார்.

அவர் எந்த மதத்துக்காக வந்தார் என்று சிலர் கேட்கலாம். தம் மதத்தைப் பரப்பவும்தான் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். அன்றைக்கும் அங்கிருந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்குத்தான் போனோம். ஆனாலும் நம் பெண்களுக்குப் பலகையும் புத்தகமும் எடுத்துக்கொடுத்த கையை நினைக்காமல் போவது நன்றியல்ல என்று எனக்குப் பட்டது. அம்மா தேவாலயத்துக்கு வெளியே நின்றபடியே ஒரு கும்பிடு போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அந்தக் கடைவீடு எது?" என்று மட்டும் கேட்டார். காட்ட முடியவில்லை. நூற்று முப்பது ஆண்டில் தெருவே மாறிவிட்டதே.

செலிகி ரோட்டைத் தாண்டினால் மவுண்ட் சோபியா என்ற சிறு குன்று. பிளாக்மோர் அம்மையாரின் பெயரை வைத்ததாகத் தோன்றும்; அப்படியல்ல. அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே குன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. தமிழ்ப் பெண்கள் பள்ளியில் நாளடைவில் மற்ற இனத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். பெயரும் 'மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி' என்றாயிற்று. இடம் போதாமல் போனதால் 1920களின் பிற்பகுதியில் இந்தக் குன்றின்மேல் கட்டடம் எழுப்பிக் குடியேறினார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் ஏறினோம். மேலே இப்போது அடுக்குமாடி வீடுகள். பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடங்களில் ஒன்றை மட்டும் இடிக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் பால்மரத்து மேட்டில் ஏறி இறங்கிய அம்மா, "இந்த மேட்டை ஏறியா புள்ளைங்க தினமும் வந்துச்சுங்க?" என்று கேட்டு மூச்சு வாங்கினார். வந்திருக்கிறார்கள். பல தலைமுறைப் பெண்கள் ஏறி வந்திருக்கிறார்கள்.

விழா முடிந்து மறுநாள் மாலை திரும்பினோம். பஸ் புக்கித் தீமா சாலை வழியாகப் போகிறது. அந்தச் சாலையை ஒட்டி ஒரு சிறு சாலை பிரிகிறது. அதன் பெயர் பிளாக்மோர் டிரைவ். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1992இல் குன்றை விட்டு அங்கே போயிற்று. கடைவீட்டில் ஒன்பது பேரோடு தொடங்கியது, இன்று தொடக்கப்பள்ளியும் இடைநிலைப் பள்ளியுமாகச் சிங்கப்பூரின் பெயர்பெற்ற பள்ளிகளில் ஒன்று. நான் சன்னல் வழியே அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

சற்றுத் தூரம் போனபின் அம்மா கேட்டார்: "அந்த வெள்ளைக்காரம்மா ஒரு வீட்டுக்கு எத்தனை தடவை போவாங்க?"

"தெரியாதம்மா. திறக்கும்வரை போயிருப்பார்."

"நீ எத்தனை தடவை போனே?"

எனக்கு உடனே புரிந்தது. என் மாணவியின் வீட்டைத்தான் கேட்கிறார். ஒரு தடவை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கடல் கடந்து வந்து வேற்று மொழி கற்று வீடு வீடாக ஏறிய ஒருவரைப் பற்றி வழியெல்லாம் பேசிவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளியுள்ள வாசற்படிக்கு நான் ஒரே தடவைதான் போயிருந்தேன்.

மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கிளம்பினேன். அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். நான் வழக்கம்போலப் படிப்பின் பெருமையைச் சொன்னேன். தாயார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நீங்க சொல்றது எல்லாம் சரிதான் டீச்சர். நான் வேணாம்னா சொல்றேன்? வேலைக்குப் போகலேன்னா வீட்டுச் செலவுக்கு என்ன பண்ணுவேன்? சின்னவனை யாருகிட்ட விடுவேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் கேட்டதில் தவறில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் முதல் தடவையும் திரும்பி வந்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து அந்தச் சின்னவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கு வீட்டுல என்ன வேலை? டிவி பாக்கறதுதான். இவனை எங்கிட்ட விட்டுட்டுப் போ. சாயங்காலம் வந்து தூக்கிக்கோ. பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. நான் நாலு பேரை இடுப்புல வளத்தவ. எனக்கு இது ஒன்னும் புதுசு இல்ல."

"எவ்வளவு கொடுக்கணும் பாட்டி?" என்று தாயார் தயங்கிக் கேட்டார்.

"பால்மாவை நீயே குடுத்து அனுப்பு. அது போதும்" என்றார் அம்மா.

கதவோரம் நின்றிருந்த அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாம் ஆண்டுப் புத்தகங்களை அவள் இன்னும் கட்டி வைக்கவில்லை போலும்.

இப்போது அவள் படிவம் ஒன்றில் படிக்கிறாள். விடியற்காலையில் தோட்டத்து முச்சந்தியில் பள்ளி பஸ்ஸுக்கு நிற்கிறாள். சின்னவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். மாலையில் அந்தப் பெண் தம்பியை அழைத்துப் போக வரும்போது, அம்மாவுக்கு ஒரு நோட்டில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறாள். அம்மாவின் பெயரில் நான்கே எழுத்து. மூன்று வந்துவிட்டது, நான்காவது எழுத்தின் சுழிதான் இன்னும் வளைய மறுக்கிறது.

வாசகர்களே, நான் பெரிய காரியம் எதையும் செய்துவிட்டதாக எண்ணி இதை எழுதவில்லை. செய்தவர் என் அம்மா. உங்களைக் கேட்பது ஒன்றுதான். உங்கள் லயத்திலோ உங்கள் அடுக்குமாடியிலோ தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண் ஒருத்தி இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, பஸ் கட்டணத்தை யார் கொடுப்பது என்று கேட்டு, முடிந்ததைச் செய்யுங்கள். முதல் தடவை நடக்காவிட்டால் மறுபடி போங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் தேக்காவுக்கு எப்படியும் போவீர்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஷார்ட் ஸ்திரீட். பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, ஒன்பது பேர் இங்கேதான் படிக்க வந்தார்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.